அடக்க விலை தெரியாத வியாபாரம்

கடைத்தெருவில் நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து மணி வரை ஆள் நெருக்கம் குறையாத மளிகைக் கடை. கல்லாவில் உட்கார்ந்தவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. திடீரென்று ஒருநாள் அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது. “நல்லா ஓடிக்கிட்டிருந்த கடைதானே அண்ணாச்சி, ஏன் மூடிட்டாங்க?” என்று பக்கத்துக் கடையில் கேட்டால், “வியாபாரம் இருந்துச்சு தம்பி, கையில காசு நிக்கல” என்று பதில் வரும்.

வியாபாரம் இருந்தும் காசு நிற்காததற்குப் பல காரணங்கள் சொல்லலாம். பெரிய அங்காடிகள் வந்துவிட்டன, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன என்பவை உண்மையே. அவற்றை நாம் தடுத்துவிட முடியாது. ஆனால் நம் கையில் உள்ள ஒரு காரணமும் உண்டு. தான் விற்கும் பொருளின் அடக்கம் எவ்வளவு என்று தெரியாமலேயே விற்பதுதான் அது. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்ற பழமொழியை உழவருக்கு ஆறுதலாகச் சொல்லலாம். வியாபாரிக்கு அது பொருந்தாது. வியாபாரி கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

அடக்க விலைக் கணக்கியல் என்றதும் அது ஆலை முதலாளிகளுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். இதற்கென்றே 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கணக்கர் நிறுவனம் நம் நாட்டில் இருப்பதும், அவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் பணிபுரிவதும் இந்த எண்ணத்துக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அதன் அடிப்படை நாலு கணக்கில் அடங்கிவிடும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த யாரும் அதைப் போடலாம்.

கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஒருவர் 50 கிலோ மூட்டையாக 20 மூட்டை துவரம் பருப்பு வாங்குகிறார். மொத்தம் 1,000 கிலோ. கிலோ 120 ரூபாய் வீதம் கொள்முதல் ரூ.1,20,000. லாரி வாடகை ரூ.2,000. இறக்குக் கூலி மூட்டைக்கு 20 வீதம் ரூ.400. தரகு ரூ.600. ஆக, கடைக்குள் சரக்கு வந்து சேரும்போது ரூ.1,23,000 ஆகிவிட்டது.

இத்துடன் முடியவில்லை. வாங்கிய 1,000 கிலோவும் விற்பனைக்கு வருவதில்லை. சாக்கில் ஓட்டை, சிந்தல், தூசி, காய்ச்சல், தராசில் கூடுதலாக விழுவது என்று போக 984 கிலோதான் கணக்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரூ.1,23,000-ஐ 984-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 125 ரூபாய். ஒரு கிலோ கவரில் போட்டு ஒட்டுவதற்கு ஒரு ரூபாய். ஆக அடக்கம் 126 ரூபாய்.

இவர் 132 ரூபாய்க்கு விற்கிறார். மனத்தில் உள்ள கணக்கு, “120-க்கு வாங்கினேன், 132-க்கு விற்கிறேன், கிலோவுக்கு 12 ரூபாய் லாபம்” என்பது. உண்மையில் நிற்பது 6 ரூபாய். பாதி லாபம் அவருக்குத் தெரியாமலே கரைந்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் 127 ரூபாய்க்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டு, “எனக்கு இன்னும் ஐந்து ரூபாய் இறங்க இடம் இருக்கிறது” என்று இவரும் 127-க்கு இறங்கினால், கிலோவுக்கு ஒரு ரூபாய்க்காக நாள் முழுதும் நிற்கிறார்.

வரியையும் இங்கே சரியாகப் பிரிக்க வேண்டும். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் இதில் குழப்பம் அதிகம். வழக்கமான பதிவில் உள்ளவர், வரி உள்ள சரக்குக்காகக் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அது அடக்கத்தில் சேராது. காம்போசிஷன் எனப்படும் இணக்க வரித் திட்டத்தில் உள்ளவருக்கு அந்த வரவு கிடையாது. அவர் கொள்முதலில் கட்டிய வரி முழுதும் அடக்கமே. அதேபோல் வரிவிலக்கு உள்ள பொருளை விற்பவருக்கு, அந்தப் பொருளுக்காகச் செய்த செலவுகளில் கட்டிய வரி திரும்பி வராது. அதையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டும்.

முடங்கிய பணத்துக்கும் கூலி உண்டு

மேலே சொன்ன பருப்பு கடையில் ஒரு மாதம் இருந்து விற்கிறது; வாங்கியவர் பணம் கொடுக்க இன்னொரு மாதம் ஆகிறது என்று கொள்வோம். முதல் போட்ட பணம் நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டிக்கு எடுத்தது. 125 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் 87½ காசு. இரண்டு மாதத்துக்கு 3 ரூபாய் 75 காசு. நின்ற 6 ரூபாயில் இது போனால் மிச்சம் 2 ரூபாய் 25 காசு. ரொக்கத்துக்கு வாங்கியவரிடம் 4 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கிறது. இருவருக்கும் ஒரே விலை போடுகிறோம். இவர்களில் யாரை நாம் அதிகம் உபசரிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கடன்காரரைத்தான்!

“என் சொந்தப் பணம்தான், வட்டி ஏது?” என்று சிலர் கேட்கலாம். அந்தப் பணம் வங்கியில் இருந்தாலும் வட்டி வந்திருக்கும். சொந்தப் பணத்துக்கும் கூலி உண்டு. வட்டி கட்டாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சரக்கு கொடுத்தவர் தவணை தந்திருந்தால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம்.

சரக்குச் சுற்றும் இதில் அடங்கியதே. 10,000 ரூபாய் போட்டு வாங்கிய ஒரு சரக்கில் நூற்றுக்கு 3 ரூபாய்தான் நிற்கிறது. ஆனால் வருடத்தில் 24 முறை சுற்றுகிறது. வருட வரவு ரூ.7,200. இன்னொரு சரக்கில் நூற்றுக்கு 20 ரூபாய் நிற்கிறது. ஆனால் வருடத்தில் இரண்டே முறை சுற்றுகிறது. வருட வரவு ரூ.4,000. வேகமாகச் சுற்றும் சரக்கில் ஆள் வேலை கூடுதல் என்பதையும் மறக்கக்கூடாது. என்றாலும், அலமாரியில் தூசி படிந்து நிற்கும் “நல்ல லாபச் சரக்கு” உண்மையில் நல்ல லாபம்தானா என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விற்றாலும் விற்காவிட்டாலும் ஓடும் செலவு

இதுவரை பார்த்தது சரக்கோடு கூடிக் குறையும் செலவு. இதை மாறும் செலவு என்பார்கள். இன்னொரு வகை உண்டு. கடையில் ஈ ஓட்டினாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இவை நிலைச் செலவுகள்.

இந்த வேறுபாட்டைத் தன் கணக்கிலிருந்தே கண்டறிந்தவர்களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசையா வெட்ஜ்வுட் புகழ்பெற்றவர். ஸ்டாஃபோர்ட்ஷயரில் எட்ரூரியா என்ற இடத்தில் பீங்கான் பாத்திரங்கள் செய்தவர். 1772-இல் அந்நாட்டில் கடன் நெருக்கடி ஏற்பட்டு விற்பனை படுத்தது, சரக்கு தேங்கியது. அப்போதுதான் அவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எவ்வளவு ஆகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். அச்சு, வாடகை, கணக்கர் சம்பளம் போன்றவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டார். ஒரே வகைப் பாத்திரத்தை அதிகமாகச் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை குறைவதையும் உணர்ந்தார். அந்தக் கணக்கைத் தோண்டியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. அவருடைய தலைமைக் கணக்கர் பணத்தைக் கையாடிக்கொண்டிருந்தார்! நெருக்கடி வராமல் இருந்திருந்தால் இரண்டுமே வெளிவர இன்னும் நாளாகியிருக்கும்.

நம் உதாரணக் கடையின் மாத நிலைச் செலவைப் பார்ப்போம். வாடகை 30,000. மூன்று ஆட்களின் சம்பளம் 45,000. மின்சாரம் 8,000. தொலைபேசி, உரிமம், கணக்கர் கட்டணம் 5,000. தராசு, குளிர்பெட்டி, அலமாரி ஆகியவற்றின் தேய்மானம் 2,000. முதலாளியின் சம்பளம் 30,000. மொத்தம் ரூ.1,20,000.

முதலாளிக்குச் சம்பளமா என்று கேட்காதீர்கள். இதே உழைப்பை இன்னொரு கடையில் மேலாளராக இருந்து கொடுத்தால் அவருக்குச் சம்பளம் கிடைக்கும் அல்லவா? சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவரும் வாடகையை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் எழுதாததால்தான் பல கடைகள் லாபத்தில் ஓடுவதுபோல் தோன்றுகின்றன. உண்மையில் அப்பாவின் உழைப்பும் தாத்தா கட்டிய கட்டடமும் சேர்ந்து கடையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மகன் வேறு வேலைக்குப் போனாலோ, கட்டடத்தைப் பங்கு பிரித்தாலோ உண்மை வெளியாகிவிடும்.

எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது?

இந்தக் கடையில் எல்லாச் சரக்கையும் சேர்த்துப் பார்த்தால், 100 ரூபாய் விற்பனையில் மாறும் செலவு 90 போக 10 ரூபாய் நிற்கிறது என்போம். 1,20,000 ரூபாய் நிலைச் செலவை அடைக்க மாதம் 12 லட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும். மாதம் 30 நாளும் திறந்திருந்தால் நாளைக்கு 40,000. இதுதான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற எல்லை. இதற்குக் கீழே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது நஷ்டக் கூட்டமே.

இங்கே ஒரு தவறு சகஜமாக நடக்கிறது. விற்பனையில் நூற்றுக்கு 20 நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அடக்கத்தின் மேல் நூற்றுக்கு 20 வைத்து விற்பார்கள். 100 ரூபாய் அடக்கத்தை 120-க்கு விற்றால், விற்பனையில் நூற்றுக்கு 16 ரூபாய் 67 காசுதான் நிற்கும். 20 நிற்க வேண்டுமானால் 125-க்கு விற்க வேண்டும். அடக்கத்தின் மேலா, விற்பனையின் மேலா என்று கேட்காமல் சதவீதம் பேசக்கூடாது.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். பக்கத்துக் கடையோடு போட்டி போட எல்லாச் சரக்கிலும் நூற்றுக்கு 2 ரூபாய் குறைக்கிறார். 100 ரூபாய்ச் சரக்கு 98-க்குப் போகிறது. மாறும் செலவு 90 அப்படியே இருக்கிறது. நிற்பது 10-இலிருந்து 8 ஆகிறது. முன்பு 12,000 உருப்படி விற்று நிலைச் செலவை அடைத்தவர், இப்போது 15,000 உருப்படி விற்க வேண்டும். இரண்டு ரூபாய்த் தள்ளுபடிக்கு நூற்றுக்கு 25 வீதம் கூடுதல் சரக்கை எடைபோட்டுக் கட்டிக்கொடுத்தால்தான் பழைய இடத்திலேயே நிற்கலாம். அவ்வளவு கூட்டம் வரும் என்று நம்பிக்கை இருந்தால் குறைக்கலாம். இல்லாவிட்டால், தள்ளுபடி மக்கள் கண்ணில் படும் நாலைந்து பொருளோடு நிற்கட்டும்.

மொத்த ஆர்டரை ஏற்கலாமா?

ஓர் உணவகத்தார் 50 மூட்டை பருப்பு, கிலோ 127 ரூபாய்க்குக் கேட்கிறார். வண்டியும் அவருடையது. மூட்டையாகவே போவதால் கவர் செலவு இல்லை, அடக்கம் 125. கடை வாடகையும் சம்பளமும் இந்த ஆர்டர் வராவிட்டாலும் ஆகப்போகிறவைதான். எனவே ரொக்கமானால் 2,500 கிலோவுக்கு ரூ.5,000 கூடுதலாக நிற்கும், தாராளமாக ஏற்கலாம்.

அதையே 45 நாள் கடனுக்குக் கேட்டால்? முன்சொன்ன வட்டியில் கிலோவுக்கு 2 ரூபாய் 81 காசு வட்டிக்கே போய்விடும். கிலோவுக்கு 81 காசு நஷ்டம். மொத்தத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போகும். விலை மாறவில்லை, தவணைதான் மாறியது. ஆர்டர் பேசும்போது விலையைப் பேசி முடித்துவிட்டுத் தவணையைக் கடைசியில் பேசுகிறோம். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். வராக்கடனோ இன்னும் கொடியது. 10,000 ரூபாய் வராமல் போனால் அதில் சரக்கின் அடக்கமே 9,000. நூற்றுக்கு 10 நிற்கும் கடையில் அதை ஈடுகட்ட 90,000 ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும்.

கணக்கைக் காப்பது ஆட்கள்

இத்தனை கணக்கும் காகிதத்தில் சரியாக இருந்தாலும், தராசில் நிற்பது கடை ஆள். ஒரு கிலோ பருப்பு சிந்தியோ திருடுபோயோ தொலைந்தால் 126 ரூபாய் போயிற்று. கிலோவுக்கு 6 ரூபாய் நிற்கும் சரக்கில் 21 கிலோ விற்றால்தான் அது ஈடாகும். ஆகவே மேற்பார்வையும் அடக்க விலையின் ஒரு பகுதியே.

மேற்பார்வை என்றால் கண்காணித்துக்கொண்டே இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்சில் சுரங்க நிறுவனம் ஒன்றைப் பல்லாண்டு நடத்திய ஆன்ரி ஃபயோல், 1916-இல் வெளியிட்ட நிர்வாக நூலில் சொன்ன விதிகளில் ஒன்று, ஒருவருக்கு ஒரே இடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்பது. நம் குடும்பக் கடைகளில் நடப்பது என்ன? “தம்பி, லாரி வந்திருக்கு, போய் மூட்டையை இறக்கு” என்கிறார் பெரியவர். இறக்கப் போனவனை, “கடையில ஆள் நிக்குது, நீ எங்கே போறே?” என்று மகன் திட்டுகிறார். “முதலில் அந்த டெலிவரியைக் கொடுத்துட்டு வா” என்கிறார் சித்தப்பா. மூன்று வேலையும் அரைகுறையாக நிற்கிறது. திட்டு மட்டும் முழுதாக அவனுக்குக் கிடைக்கிறது. அடுத்த மாதம் அவன் வேறு கடைக்குப் போய்விடுகிறான். புது ஆள் சரக்கு இருக்கும் இடம், விலை, வாடிக்கையாளர் முகம் எல்லாம் பழகும் வரை ஆகும் தவறும் தாமதமும் நம் கணக்குத்தான்.

குடோன் பெரியவர் பொறுப்பு, கடை மகன் பொறுப்பு, வசூல் சித்தப்பா பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்த ஆள் யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியட்டும். தவறு செய்தால் வாடிக்கையாளர் எதிரில் திட்டாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். நல்லது செய்தால் நாலு பேர் எதிரில் சொல்லுங்கள். கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டது. அதைச் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, கால் வலிக்கும் ஆள் எடை பார்ப்பதில் தவறுவான் என்று உணர்ந்து செய்வது மேல்.

நம்பிக்கையான ஆள்தான், ஆகவே இருப்பு எடுக்கத் தேவையில்லை என்று விட்டுவிடுவதும் சரியல்ல. மாதம் ஒருமுறை இருப்பு எடுப்பது அந்த ஆளையும் காப்பாற்றும். குறைந்தால் எங்கே குறைந்தது என்று தெரியாதபோதுதான் சந்தேகம் நல்லவன் மேலும் விழுகிறது.

தினம் ஐந்து வரி

மார்வாரி வணிகக் குடும்பங்களில் பர்த்தா என்றொரு கணக்கு முறை உண்டு. பிர்லா குழுமத்தில் அது பல்லாண்டு பின்பற்றப்பட்டது. இவ்வளவு உற்பத்தி, இவ்வளவு செலவு, இவ்வளவு லாபம் என்று முன்கூட்டியே குறித்துவைத்து, நடப்பதை அடிக்கடி அதோடு ஒத்துப் பார்ப்பதே அதன் சாரம். வருடக் கடைசியில் கணக்கர் சொல்லும்வரை காத்திருப்பதில்லை.

நாமும் இரவில் கல்லா எண்ணியபின் ஒரு நோட்டில் ஐந்து வரி எழுதலாம். ஒன்று, இன்றைய விற்பனை. எல்லைத் தொகைக்கு மேலா, கீழா. இரண்டு, அதில் ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு. மூன்று, வசூலான பழைய பாக்கி. நான்கு, இன்று வந்த சரக்கின் உண்மை அடக்கம். ஐந்து, சேதாரம், திரும்பி வந்தது, குறைந்தது. பத்து நிமிடம் போதும். கணினியில் பில் போடுபவர்களுக்கு முதல் மூன்றும் அதிலேயே கிடைக்கும். கடைசி இரண்டையும் எந்தக் கணினியும் தானாகச் சொல்லாது. இறக்குக் கூலியும் சிந்திய பருப்பும் நாம் எழுதினால்தான் கணக்கில் ஏறும்.

வணிக அன்பர்களே, ஒரேயடியாக எல்லாச் சரக்குக்கும் அடக்கம் போட வேண்டாம். உங்கள் கடையில் அதிகம் விற்கும் பத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்காருங்கள். மகனையோ மகளையோ கூடவே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். பத்தில் ஒன்றிரண்டு சரக்கை அடக்கத்துக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தால் வருந்த வேண்டாம். தெரிந்தே குறைத்து விற்பது வியாபாரம். தெரியாமல் குறைத்து விற்பது நஷ்டம். மறுநாள் காலை கடை திறக்கும்போது, எந்த விலையில் நிற்பது, எந்த விலையில் விட்டுக்கொடுப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.